சாம்பாரில் விழும் முன்பே நாய்க்கு எடுத்து வையுங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு பாட்டி தன் பூடுல் நாயைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் கால்நடை மருந்தகத்துக்கு ஓடிவந்தார். "டாக்டர், ரத்தமா போகுது!" பார்த்தேன். நல்ல ஊதாச் சிவப்பு.

"நேத்து டிராகன் பழம் ஏதும் குடுத்தீங்களா பாட்டி?"

"ஆமா, தேக்காவுல வாங்கினேன். உள்ளே சிவப்பா இருக்குமே, அதுதான்."

வெறும் பழச்சாயம். நாய் வாலாட்டிக்கொண்டிருந்தது, பாட்டிக்குத்தான் ரத்த அழுத்தம் பார்த்திருக்க வேண்டும். டிராகன் பழமோ பீட்ரூட்டோ கொடுக்காமலே மலம் சிவந்தாலும், தார்போல் கறுத்தாலும் தாமதிக்காமல் கொண்டுவாருங்கள்.

நம் வீட்டுக் காய்களில் கேரட், பூசணி, பீன்ஸ், வெள்ளரி, சர்க்கரைவள்ளி எல்லாமே நாய்க்கு ஆகும். கிழங்கை மட்டும் வேகவைத்துக் கொடுங்கள். சிக்கல் என்னவென்றால், அதே கேரட்டை நாம் சாம்பாரிலிருந்து எடுத்துப் போடுகிறோம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. அன்றே எதுவும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் கறுக்கும், நாய் சுருண்டு படுத்துவிடும். போன வாரத்துச் சாம்பார் அப்போது யாருக்கு நினைவிருக்கும்?

இன்னொன்று புளி. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பழைய செய்தி. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்க விலங்கு நச்சியல் வல்லுநர்கள் 2021இல் சுட்டிக்காட்டினார்கள். நம் புளியிலும் அதுதான் நிறைய இருக்கிறது. ரசம் சோறு வேண்டாம் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். தீபாவளிப் பாயசத்து உலர்திராட்சையில் எத்தனை தின்றால் ஆபத்து என்று எண்ணிக்கை சொல்ல முடியாது: ஒரு நாய் தப்பிக்கும், இன்னொன்றுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். தின்றது தெரிந்தால் வாந்திக்குக் காத்திராதீர்கள், உப்புத் தண்ணீரும் புகட்டாதீர்கள். உடனே கிளம்புங்கள்.

பழங்களில் பப்பாளி, தர்பூசணி, ஆப்பிள், கொய்யா நல்லவை. விதை நீக்கிக் கொடுங்கள். விளிம்பிப்பழம், அதாவது நட்சத்திரப்பழம், வேண்டவே வேண்டாம். மாங்கொட்டையும் ரம்புத்தான் கொட்டையும் குடலை அடைத்துவிடும், பிறகு அறுவை சிகிச்சைதான். அளவு? சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது நாலு கிலோ நாய்கள். அவற்றுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 250 முதல் 300 கலோரி போதும். தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. பெரிய வாழைப்பழமென்றால் கால் பழம், அவ்வளவுதான்.

பருவம் வந்தால் எல்லாரும் டுரியானைப் பற்றிக் கேட்கிறார்கள். சதை நஞ்சில்லை, ஆனால் கொழுப்பும் சர்க்கரையும் அதிகம். நகத்தளவு போதும். கொட்டைகளை அன்றிரவே கீழே கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த வாசனைக்கு உங்கள் நாய் விடியும்வரை குப்பைத்தொட்டிக்குக் காவலிருக்கும்.