எடின்பரோ வரும் அப்பா அம்மாக்களின் முழங்காலுக்காக

கோடை பிறந்ததும் என் பிசியோதெரபி அறைக்கு ஒரே மாதிரி வலி வரத் தொடங்கும். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்த அறுபது வயதுக்காரர். ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருக்கும். படி இறங்கினால் முழங்காலின் முன்பக்கம் குத்தும். "ஊர்ல தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிறவ நான், எனக்கு ஏன் கண்ணு இப்படி?" என்று ஒரு அம்மா கேட்டார். பதில் அவர் காலில் இல்லை, இந்த ஊரின் மண்ணில் இருக்கிறது.

எடின்பரோ கோட்டை நிற்கும் பாறை சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலையின் தொண்டைக்குள் இறுகிப்போன குழம்பு. பனியுகத்தில் மேற்கிலிருந்து வந்த பனியாறு அதை அசைக்க முடியாமல் இரண்டாகப் பிரிந்து, இருபக்கமும் பள்ளம் தோண்டிக்கொண்டு போனது. பாறையின் மறைவில் கிழக்கே இருந்த நிலம் மட்டும் தேயாமல் வால்போல் தங்கிவிட்டது. அந்த வாலின் முதுகுதான் ராயல் மைல் என்ற பழைய நகரின் முக்கியத் தெரு. கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை சுமார் 1.8 கிலோமீட்டர். முதுகிலிருந்து விலா எலும்புகள்போல இருபுறமும் இறங்கும் குறுகிய சந்துகளை இங்கே 'க்ளோஸ்' என்பார்கள். பலவற்றில் செங்குத்தான படிகள்.

கைபேசி வரைபடம் இந்த மேடுபள்ளத்தைக் காட்டாது. தெற்குப் பக்கம் 1788இல் கட்டிய சவுத் பிரிட்ஜுக்கு 19 வளைவுகள். ஒன்றைத் தவிர மற்றவற்றைக் கட்டடங்கள் மறைத்துவிட்டதால், பாலத்தில் நடக்கிறோம் என்பதே தெரியாது. வரைபடத்தில் அதைக் குறுக்கே வெட்டும் கவ்கேட் தெரு உண்மையில் பல மாடி கீழே கிடக்கிறது. 'இதோ பக்கம்தான்' என்று பிள்ளைகள் சொல்வதும், பெற்றோர் ஒரு க்ளோஸ் முழுக்க இறங்குவதும் இப்படித்தான்.

ஏறும்போது மூச்சு வாங்கும், நாமே நின்றுவிடுவோம். இறங்கும்போது அந்த எச்சரிக்கை வராது. ஆனால் ஒவ்வொரு படியிலும் தொடையின் முன்தசை, நீண்டுகொண்டே உடல் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. சமதளத்தில் எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் இந்தப் பயிற்சி அதற்குக் கிடைக்காது. வலியும் உடனே தெரியாது. இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். எனவே பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே, கைப்பிடியைப் பற்றியபடி மாடிப்படி இறங்கிப் பழகுங்கள். ஏற்கெனவே முழங்காலில் தேய்மானம் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இங்கு வந்தபின் முதல் நாளை பிரின்சஸ் தெருப் பூங்காவோடு முடித்துக்கொள்ளலாம். முன்பு ஏரியாக இருந்த பள்ளம் என்பதால் அதன் அடிப்பகுதி பெரும்பாலும் சமதளம். அண்ணாந்தால் கோட்டை. மறுநாள் பேருந்தில் மவுண்ட் மேட்டின் வழியாக மேலே போங்கள். அந்த மேடே, 1767இல் திட்டமிட்ட புதுநகரத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய மண்ணைக் கொட்டி எழுந்ததுதான். கோட்டையைப் பார்த்துவிட்டு ராயல் மைலின் சரிவிலேயே மெதுவாக இறங்குங்கள், குறுக்கே எந்த க்ளோஸிலும் நுழைய வேண்டாம். கால் கெஞ்சினால் தேசிய அருங்காட்சியகம் பக்கத்தில்தான், நுழைவு இலவசம், லிஃப்டும் உண்டு. குளோனிங்கில் பிறந்த டாலி ஆட்டின் பதப்படுத்திய உடலை அங்கே பார்க்கலாம்.

251 மீட்டர் உயர ஆர்தர்ஸ் சீட் குன்றுக்கு, முழங்கால் வலி உள்ளவரை 'சின்ன மலைதானே' என்று தயவுசெய்து இழுத்துப் போகாதீர்கள்.

செருப்பு வேண்டாம். பாவிய கற்கள் மழையில் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். காற்றில் குடை நிற்காது, தொப்பி வைத்த மழைக்கோட்டு போதும். டிசம்பர் கடைசியில் மாலை 3.40 வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும், அதன்பின் படிச்சந்துகளே கூடாது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அவசரப் பிரிவின் முதல் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வார்டில் சேர்த்துவிட்டால் சுற்றுலா விசாவில் வந்தவருக்குக் கட்டணம் உண்டு. பயணக் காப்பீடு இல்லாமல் பெற்றோரை அழைக்காதீர்கள்.

அந்த அம்மா போன ஜூனில் மறுபடி வந்தார். இந்த முறை ஊரிலேயே பயிற்சி செய்திருந்தார். இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருந்தது. படியை விட்டு, சாலைவழியே நின்று நின்று கால்டன் குன்றின் மேலே போனோம். எதிரே கோட்டைப் பாறை, அதிலிருந்து கிழக்கே சரியும் கூரைகள். "அந்த வாலு இதுதானா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.