கால் மாற்றினால் ஆம்ப் பாடிவிடாது

இந்த வாரம் என் ரிப்பேர் பெஞ்சுக்கு வந்த ஆம்ப்பில் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) கம்பெனிக் கோளாறு எதுவும் இல்லை. உரிமையாளர் அதன் அடியில் இருந்த பழைய ரப்பர் கால்களைக் கழற்றிவிட்டு "அதிர்வு தடுக்கும்" கால்களை மாட்டியிருக்கிறார். அதோடு வந்த திருகு பழையதைவிட நீளம், அது உள்ளே ஏறி சர்க்யூட் போர்டின் அடிப்பக்கத்தைத் தொட்டு ஷார்ட் ஆகி, ஃப்யூஸோடு அவுட்புட் டிரான்சிஸ்டர்களையும் கொண்டுபோய்விட்டது. "நல்லா கேக்கட்டும்னுதான் சார் மாத்தினேன்" என்கிறார். இதே கதையை எத்தனை பேரிடம் கேட்பது! கால் மாற்றியே தீருவேன் என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய திருகையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் கூடுதல் என்றாலும் வேண்டாம்.

முதலில், டிரான்சிஸ்டர் ஆம்ப், டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் பெட்டி), ஸ்ட்ரீமர் (இணையப் பாட்டை இசைக்கும் பெட்டி) இவற்றுக்கெல்லாம் தனிக் கால் தேவையே இல்லை. சாதாரணமாக வீட்டில் இருக்கும் அதிர்வு அவற்றின் ஒலியில் உங்கள் காதுக்கு எட்டும் மாற்றம் எதையும் செய்யாது. கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஓடும் வால்வு ஆம்ப் மட்டும் விதிவிலக்கு. பென்சில் நுனி ரப்பரால் வால்வை மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் 'டங்' என்று பலமாகக் கேட்டால் அந்த வால்வு அதிர்வை வாங்குகிறது என்று அர்த்தம். அப்போதும் முதலில் மாற்ற வேண்டியது வால்வைத்தான். ஆம்ப்புக்கு உண்மையில் வேண்டியது காற்று. தடிமனான காலைக் கழற்றிவிட்டு மெல்லிய பேடை ஒட்டி, அடியில் இருக்கும் காற்றுத் துளைகளை அடைத்து வைத்தால் உள்ளே மின்சாரத்தைத் தேக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களின் ஆயுள் குறையும். 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு.

அப்புறம் இந்த ஸ்பைக் விஷயம். கூர்முனைக் கால் மேலே இருக்கும் அதிர்வைத் தரைக்கு வடித்துவிடும், தரையில் இருப்பதை மேலே விடாது என்று சொல்லிச் சொல்லியே விற்கிறார்கள், வாங்குகிறவர்களும் அதை அப்படியே எனக்குத் திருப்பிப் பாடம் எடுக்கிறார்கள். ஒருவழிப்பாதை என்று ஒன்று உலோகத்தில் கிடையாது. இரண்டு பொருள்கள் இறுக்கமாகச் சேர்ந்திருந்தால் அதிர்வு மேலிருந்து கீழேயும் போகும், கீழிருந்து மேலேயும் வரும். முனை கூராக இருப்பதால் அந்தப் புள்ளியில் அழுத்தம் மிக அதிகம், அதனால் அது கம்பளத்தைத் துளைத்துத் தரையைப் பிடித்துக்கொள்கிறது, ஸ்பீக்கர் ஸ்டாண்டு ஆடாமல் நிற்கிறது. அதன் வேலை அவ்வளவுதான், அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. ஆனால் மரத்தளத்தில் வைத்தால் ஸ்பீக்கரின் அதிர்வு தளத்துக்குள் போய்த் தளமே முனக ஆரம்பிக்கும். ரெக்கார்டு பிளேயருக்கு அடியில் வைத்தால் யார் நடந்தாலும் ஊசிக்குத் தெரியும். ஓடு பதித்த தரையில் கீறலும் மிச்சம்.

மென்மையான கால்களுக்கு வருவோம். இங்கே எல்லாமே எடைதான். ஸ்பிரிங் காலை எடுத்துக்கொண்டால், எடை ஏறியதும் அது 1 மி.மீ. அமுங்கினால் அதன் இயல்பு அதிர்வெண் (தட்டிவிட்டால் நொடிக்கு எத்தனை முறை தானாக ஆடும் என்ற எண்) ஏறக்குறைய 16 ஹெர்ட்ஸ், 10 மி.மீ. அமுங்கினால் 5 ஹெர்ட்ஸ். அந்த எண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேலே உள்ள அதிர்வைத்தான் அது தடுக்கும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரும் அதிர்வைத் தடுப்பதற்குப் பதிலாகப் பெருக்கிவிடும். ஆகவே 10 கிலோவுக்குச் செய்த காலை 3 கிலோ பிளேயருக்குப் போட்டால் அது சரியாக அமுங்காது, கல்லை வைத்ததும் அதுவும் ஒன்றுதான். எடை மிஞ்சினாலோ நசுங்கிப்போய் மறுபடியும் கல். மொத்த எடையை நான்கால் வகுப்பதும் சரிவராது, ஏனென்றால் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் மூலை எப்போதும் கனம். காலுக்குக் கால் தாங்கும் எடை வேறு வேறாக வாங்க நேரிடலாம். தாங்கும் எடை என்ன என்று சொல்லாத காலை வாங்கவே வாங்காதீர்கள்.

நல்ல கால் மெய்யாகவே தேவைப்படுவது ரெக்கார்டு பிளேயருக்குத்தான். அதன் கையும் ஊசி இருக்கும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து பொதுவாக 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் ஆடும் தன்மை கொண்டவை. நீங்கள் போட்ட காலும் அதே அதிர்வெண்ணில் ஆடினால் பாட்டே இல்லாமல் ஸ்பீக்கரின் பேஸ் கோன் உள்ளேயும் வெளியேயும் போய்வருவதைக் கண்ணால் பார்க்கலாம். உள்ளேயே ஸ்பிரிங் வைத்துச் செய்த பிளேயருக்கு மேற்கொண்டு ஸ்பிரிங் கால் போடுவது வம்பு. நடக்கும்போது ஊசி குதிக்கிறதா? சுவரில் உறுதியான பலகை அடித்து அதில் வையுங்கள். எந்தக் காலும் அதற்கு ஈடாகாது. ஸ்பீக்கரை அதே பலகையில் வைக்காதீர்கள், இதைச் சொல்லவே அலுப்பாக இருக்கிறது.

தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபருக்கு அடியில் ஃபோம் வைத்தால் தரை வழியாகப் போகும் கடகடப்பு குறையும். காற்று வழியாகப் போகும் பேஸ் சுவரைத் தாண்டத்தான் செய்யும், பக்கத்து வீட்டுக்காரர் கோபத்துக்கு வால்யூம் குமிழ்தான் மருந்து. சில ரப்பர், ஜெல் பேடுகள் மரப் பாலிஷில் எண்ணெய்க் கறை விடும், அடியில் ஒரு தட்டு வையுங்கள்.

ஸ்டாண்டு வாங்கும்போது, நீங்கள் உட்கார்ந்த நிலையில் ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) காது மட்டத்துக்கு வரட்டும். ஸ்டாண்டுக்குள் நிரப்பும் மணல் நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். அடித்தட்டு ஸ்பீக்கரைவிட அகலமாக இருக்க வேண்டும். ஸ்பீக்கருக்கும் மேல்தட்டுக்கும் நடுவே ஒட்டுப்பசை உருண்டை நான்கு வைத்து அழுத்திவிடுங்கள். நடைபழகும் குழந்தை இருக்கும் வீட்டில் தயவுசெய்து உயரமான ஸ்டாண்டே வேண்டாம், அவர்கள் எதைப் பிடித்து எழுந்திருப்பார்கள் என்று உங்களால் சொல்ல முடியாது. கொஞ்ச காலம் ஸ்பீக்கர் கனமான மேசையில் பின்னே தள்ளி இருக்கட்டும், ஒயர் தொங்காமல் பின்பக்கம் கட்டி வையுங்கள்.