"ரிவியில எல்லாரும் இடிக்கினம்தானே?"

இந்தக் குளிர்காலத்தில் மட்டும் இப்படி அடிபட்டு என்னிடம் வந்த நாலாவது பிள்ளை இவன். பதினொரு வயது. கழுத்தைத் திருப்பு என்றால் தோள், இடுப்பு எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்புகிறான். ஐஸ் ஹொக்கி றிங்கின் (பனித்தளத்தின்) ஓரப் பலகையடியில் குனிந்து பக்கை, அதாவது ஆடும் றப்பர் வட்டை, எடுக்கப் போனவனைப் பின்னாலிருந்து ஒருவன் தள்ளியிருக்கிறான். எனக்கு எரிச்சல் வந்தது தள்ளிய பிள்ளையில் அல்ல. "ஹொக்கி எண்டால் இடிக்கிறதுதானே? ரிவியில எல்லாரும் இடிக்கினம்" என்று தகப்பன் சமாதானம் சொன்னதில்தான்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பிசியோதெரபி செய்கிறேன். கிரிக்கெட்டின் எல்.பி.டபிள்யூ. பற்றி ஒரு மணித்தியாலம் வாதாடக்கூடிய அப்பாக்கள், பிள்ளை மூன்று வருடமாக விளையாடும் ஹொக்கியில் எது பிழை என்று தெரியாமல் கண்ணாடியில் தட்டி "இடி, இடி" என்று கத்துகிறார்கள்.

சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். கோலியோடு சேர்த்துப் பக்கத்துக்கு ஆறு பேர். எதிரணிப் பக்கத்து நீலக்கோட்டைப் பக் தாண்டும் முன் தாக்கும் அணிக்காரர் தாண்டினால் ஓப்சைட். நடுச் சிவப்புக் கோட்டுக்குத் தன் பக்கத்தில் நின்று அடித்த பக், யாரும் தொடாமல் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால் ஐசிங். சிறுவர் ஆட்டத்தில் பக் கோட்டைத் தாண்டியதுமே விசில் ஊதிவிடுவார்கள். "ஏன் ஓடிப் பிடிக்க விடவில்லை" என்று நடுவரைத் திட்டாதீர்கள். முழு வேகத்தில் இரண்டு பிள்ளைகள் பலகையை நோக்கி ஓடினால் அடுத்த நாள் என்னிடம்தான் வருவார்கள். சிறிய தவறுக்கு 2 நிமிடம் வெளியே, பெரியதற்கு 5.

இப்போது இடிக்கு வருவோம். பெரியவர்களின் ஆட்டத்திலும் பக் வைத்திருப்பவரைத்தான் இடிக்கலாம். முதுகில் கூடாது. தலையில் கூடாது. தடியால் கூடாது. ரிவியில் நீங்கள் ரசிக்கும் அந்தக் கைகலப்புக்கும் என்.எச்.எல். என்ற தொழில்முறை லீக் 5 நிமிடத் தண்டனை கொடுக்கிறது. அவர்கள் தண்டனைப் பெட்டிக்குள் போவதை யாரும் கவனிப்பதில்லை போலும். சிறுவர்களுக்கோ, 13 வயதுக்குட்பட்ட பிரிவிலும் அதற்குக் கீழும் உடம்பால் இடிப்பதே தடை. கனடா முழுவதும் 2013 முதல் இதுதான் விதி. அதற்கு மேற்பட்ட வயதிலும் சில பிரிவுகளில் மட்டுமே அனுமதி. சும்மா கொண்டுவந்த விதியல்ல இது. 11, 12 வயதுப் பிள்ளைகளை இடிக்க விட்ட அல்பேர்ட்டா மாகாணத்தையும், விடாத கியூபெக் மாகாணத்தையும் ஒப்பிட்டு 2010இல் ஓர் ஆய்வு வந்தது. அல்பேர்ட்டாவில் காயப்படும் அபாயம் மூன்று மடங்குக்கும் மேல்.

முதுகில் தள்ளுவது எல்லாவற்றிலும் மோசம். பல பிள்ளைகளின் ஜேர்சி முதுகில் சிவப்பு "ஸ்டொப்" அடையாளம் தைத்திருப்பது அழகுக்கல்ல. ரொறன்ரோ நரம்பியல் அறுவை மருத்துவர் சார்ள்ஸ் டேட்டர் ஹொக்கியில் முள்ளந்தண்டு முறிந்தவர்களைக் கணக்கெடுத்தபோது, பின்னாலிருந்து பலகையில் தள்ளப்பட்டவர்கள்தான் முன்னே நின்றார்கள். ஆகவே, முதுகு இலக்கம் கண்ணில் பட்டால் கையை எடு என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். தள்ளுப்பட்டுப் பலகையில் மோதத்தான் போகிறான் என்றால் நாடியை நிமிர்த்தட்டும். குனிந்த தலைதான் கழுத்தை முறிக்கும்.

கழுத்துக் காப்பு வியர்க்குது என்று கழற்ற விடாதீர்கள். 2023 ஒக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அடம் ஜோன்சன் என்ற தொழில்முறை வீரர், ஸ்கேட்டின் கத்தி கழுத்தில் வெட்டி இறந்தார். தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. அடிபட்டபின் தலையிடி, வாந்தி, மந்தம் எதுவென்றாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. ஒன்ராறியோவில் 2018இல் வந்த றோவன் சட்டமும் அதையே சொல்கிறது. பதினேழு வயதில் றக்பி விளையாடி இறந்த பிள்ளையின் பெயர் அது.

மூளை குலுங்கிய பிள்ளை திரும்ப விளையாட ஆறு படி. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு நாள். அப்புறம், இடிபடும் பயிற்சிக்கு முன் வேண்டிய கடிதத்தை என்னிடம் கேட்காதீர்கள். மருத்துவரோ நேர்ஸ் பிரக்டிஷனரோதான் தரவேண்டும்.

நம்ம தம்பி இப்போது இரண்டாம் படி. நேற்று நிற்கும் சைக்கிளில் பத்து நிமிடம் மிதித்தான், தலையிடிக்கவில்லை. சனிக்கிழமை மட்ச் இருக்காம், தகப்பன் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார்.