சம்பளப் பட்டியலில் பார்முலா கட்டங்கள்: பூட்டியிருந்தும் அழிவது ஏன்?

பாளையங்கோட்டையில் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தரும் தொழிலில் இருக்கிறேன். முக்கூடல், கடையம், மேலப்பாளையம் பக்கங்களில் பீடி சுற்றும் பெண்களின் சம்பளப் பட்டியல்கள் மாதந்தோறும் என் மேசைக்கு வருகின்றன. எக்செல்லில் போட்ட அத்தகைய பட்டியல் ஒன்றில் நேர்ந்த தவற்றை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அதே தவறு இன்னும் பல கடைகளின் கணினிகளில் எவர் கண்ணிலும் படாமல் இருக்கக்கூடும்.

பீடி சுற்றும் ஓர் அம்மாவின் மகள், கைப்பேசியில் வருங்கால வைப்பு நிதி பாஸ்புக்கைத் திறந்து பார்த்திருக்கிறாள். நான்கு மாதமாக அம்மாவின் பங்கு 410 ரூபாய் என்றே ஏறியிருந்தது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு மாதம் ஒரு தொகை வருமே தவிர, நான்கு மாதமும் ஒரே தொகை வராது. அவள் கேட்ட கேள்விக்குக் கணக்கப்பிள்ளையிடம் பதில் இல்லை. கோப்பு என்னிடம் வந்தது.

கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு, எஸ்கேப் விசைக்குக் கீழே இருக்கும் விசையைத் தட்டினால், எக்செல் தாளில் விடைகள் மறைந்து பார்முலாக்கள் தெரியும். தட்டிப் பார்த்தேன். பிடித்தம் எழுதும் பத்தியில் மேலிருந்து கீழ்வரை கூலியை 10 விழுக்காட்டால் பெருக்கும் பார்முலா நின்றது. பொதுவாக 12 விழுக்காடாக இருக்கும் வைப்பு நிதிப் பிடித்தம் பீடித் தொழிலுக்கு 10 விழுக்காடு. இருபத்து மூன்றாம் வரிசையில் மட்டும் பார்முலா இல்லை; வெறும் 410 இருந்தது. ஏதோ ஒரு மாதம் அவசரத்தில் கையால் அடித்த எண் அது. அடுத்தடுத்த மாதங்களுக்குப் பழைய தாளையே நகலெடுத்ததால் அந்த எண்ணும் கூடவே வந்தது. கடைசி மாதக் கூலி 5,300 ரூபாய். 530 பிடித்திருக்க வேண்டும். கடைக்காரரின் பங்கும் அதே கட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டிருந்ததால், அந்த ஒரு மாதத்தில் மட்டும் அந்த அம்மாவின் கணக்கில் 240 ரூபாய் குறைந்தது.

வியப்பு என்னவென்றால், அந்தத் தாள் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டப்பட்ட தாள். விசாரித்தபோது காரணம் விளங்கியது. முதலில் ரிவ்யூ பகுதியில், தாளைப் பூட்டும் புரொடெக்ட் ஷீட் கொடுத்திருக்கிறார்கள். உடனே எந்தக் கட்டத்திலும் எதையும் அடிக்க முடியவில்லை. வேலை ஓட வேண்டுமே என்று தாள் முழுவதையும் தேர்ந்தெடுத்து, லாக்டு என்ற குறியை எடுத்துவிட்டு, மறுபடியும் புரொடெக்ட் கொடுத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு இருந்தது, காப்பு இல்லை. பூட்டியிருக்கிறது என்ற நம்பிக்கையில் யாரும் சரிபார்க்கவும் இல்லை.

எக்செல்லில் பூட்டு இரண்டு அடுக்காக வேலை செய்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. புதிய தாளின் ஒவ்வொரு கட்டமும் பிறக்கும்போதே லாக்டு குறியோடுதான் இருக்கும். ஆனால் தாளுக்குப் புரொடெக்ட் கொடுக்கும்வரை அந்தக் குறிக்கு எந்த வலுவும் கிடையாது. ஆகவே, நாம் செய்ய வேண்டியது பூட்ட வேண்டிய கட்டங்களைத் தேடிப் பூட்டுவதன்று, அன்றாடம் எண் அடிக்கும் கட்டங்களை மட்டும் முன்கூட்டியே திறந்து வைப்பது. பீடிக்கடைப் பட்டியலில் சுற்றிய பீடியின் எண்ணிக்கை எழுதும் பத்தி மட்டும் திறந்திருந்தால் போதும். அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலுடன் 1 அழுத்தி, புரொடெக்‌ஷன் என்ற பக்கத்தில் லாக்டு குறியை எடுத்துவிட்டு, அதன் பிறகு புரொடெக்ட் ஷீட் கொடுக்க வேண்டும்.

முன்பே எல்லாவற்றையும் திறந்துவிட்ட தாளாக இருந்தால், எஃப் 5 விசையை அழுத்தி, ஸ்பெஷல் என்பதில் பார்முலாஸ் என்று கொடுத்து, கிடைக்கும் கட்டங்களுக்கு லாக்டு குறியைத் திரும்பப் போடுவது வழக்கம். இங்கே மிகுந்த கவனம் வேண்டும். பார்முலா அழிந்து எண் உட்கார்ந்துவிட்ட கட்டம் இந்தத் தேர்வில் அகப்படாது. 410 இருந்த கட்டம் அப்படியே திறந்து கிடக்கும். எனவே, முதலில் அந்தப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து, அதே ஸ்பெஷலில் கான்ஸ்டன்ட்ஸ் என்று கொடுத்து, கையால் அடித்த எண்களைக் கண்டுபிடித்துத் திருத்திய பிறகே பூட்ட வேண்டும்.

முறையாகப் பூட்டிய தாளிலும், “நேற்றுவரை அடிக்க முடிந்த கட்டம் இன்று மறுக்கிறதே, சார்” என்று தொலைபேசியில் கேட்பார்கள். பெரும்பாலும் காரணம் ஒட்டுதல்தான். வாட்ஸ்அப்பில் வந்த வேறொரு கோப்பிலிருந்து எண்களை நகலெடுத்து ஒட்டும்போது, எண்ணோடு அந்தக் கட்டத்தின் லாக்டு குறியும் சேர்ந்து வந்து அமர்ந்துவிடுகிறது. பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் என்று ஒட்டினால் எண் மட்டும் வரும். பெயர்களை அகர வரிசைப்படுத்த முடியவில்லை என்பது இன்னொரு குறை: புரொடெக்ட் கொடுக்கும்போது சார்ட் (Sort) என்பதற்கு அனுமதி கொடுத்திருந்தாலும், வரிசைப்படுத்தும் பகுதியில் பூட்டிய கட்டம் ஒன்று இருந்தால்கூட எக்செல் மறுத்துவிடும். பூட்டை எடுத்து, வரிசைப்படுத்தி, மீண்டும் பூட்டுவதே வழி. புரொடெக்ட் ஷீட் பொத்தானே மங்கலாக இருந்தால், கீழே இரண்டு மூன்று தாள்கள் ஒன்றாகத் தேர்வாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். மின்னஞ்சலில் வந்த கோப்பின் மேலே மஞ்சள் பட்டை தெரிந்தால் அது வேறு சங்கதி. அனுப்பியவர் தெரிந்தவர்தானா என்று உறுதி செய்துகொண்டு எனேபிள் எடிட்டிங் கொடுத்தால் போதும்.

கூகுள் ஷீட்ஸில் முறை தலைகீழ். அங்கே கட்டங்கள் திறந்தே இருக்கும், பாஸ்வேர்டு கிடையாது, எந்தப் பகுதியை யார் திருத்தலாம் என்று பெயர் குறித்து அனுமதி தர வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தாளைப் பூட்டுவது கை தவறுதலைத் தடுக்கவே. தகவலை மறைப்பதற்கு அல்ல. மைக்ரோசாப்ட் நிறுவனமே இதைப் பாதுகாப்பு ஏற்பாடாகக் கருத வேண்டாம் என்று சொல்கிறது. பூட்டிய கட்டத்தில் இருப்பதை எவரும் படிக்கலாம், வழக்கமான அமைப்பில் நகலும் எடுக்கலாம். பெண்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அடங்கிய கோப்பு என்றால், ஃபைல் பகுதியில் இன்ஃபோ என்பதற்குள் என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு கொடுத்துக் கோப்பையே மறையாக்கம் செய்ய வேண்டும். அந்தப் பாஸ்வேர்டு மறந்தால் மைக்ரோசாப்டாலும் மீட்டுத் தர இயலாது. எழுதி உறையிலிட்டு உரிமையாளரின் பீரோவில் வைத்திருங்கள். சம்பளத் தாளுக்கோ, என் அனுபவத்தில், பாஸ்வேர்டு இல்லாத பூட்டே பெரும்பாலும் போதுமானது. தெரியாமல் விரல் பட்டால் எக்செல் தடுத்துவிடும். தெரிந்து திருத்த வேண்டியவர் யாரையும் தேடி அலைய வேண்டியதில்லை.

அந்தக் கடையின் தாளைச் சரிசெய்த அன்று, குறைந்த தொகையை மாதவாரியாகக் கணக்கிட்டு உரிமையாளரிடம் கொடுத்தேன். அவர் மறுபேச்சில்லாமல் செலுத்த ஒப்புக்கொண்டார். பிறகு கணக்கப்பிள்ளையை உட்காரவைத்து டேப் விசையைத் தட்டச் சொன்னேன். பூட்டிய தாளில் அந்த விசை திறந்த கட்டங்களுக்கு மட்டுமே செல்லும். ஒவ்வொரு தட்டுக்கும் கர்சர் கூலியையும் பிடித்தத்தையும் தாண்டி அடுத்த பெண்ணின் பீடி எண்ணிக்கையில் போய் நின்றது. இருபத்து மூன்றாம் வரிசையிலும் அப்படியே நின்றது.