கிரஷ்: சொல்லும் அதற்கான தமிழும்

நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பை முடித்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்காக உயர்நிலைப் பள்ளிக்கு வந்து சேரும் பிள்ளைகளின் ஏடுகளைத் திருத்துகிற ஆசிரியர் எவருக்கும் அந்தக் கடைசிப் பக்கம் பழக்கமானது. இரண்டு பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். இரண்டிலும் பொதுவாக உள்ள எழுத்துகள் அடிக்கப்பட்டிருக்கும். மிஞ்சிய எழுத்துகளின் எண்ணிக்கையை வைத்து ‘பிளேம்ஸ்’ என்ற சொல்லின் ஆறு எழுத்துகளைச் சுற்றிச் சுற்றி எண்ணி, ஒவ்வொன்றாக நீக்கி, கடைசியாக நிற்கும் எழுத்துக்கு வட்டம் போடப்பட்டிருக்கும். நட்பு, காதல், பாசம், திருமணம், பகை, உடன்பிறப்பு என்று அந்த ஆறு எழுத்துக்கும் ஆறு உறவுகள் உண்டு. இந்த ஆறிலும் அடங்காத ஒன்றுக்குத்தான் இன்றைய பிள்ளைகள் ‘கிரஷ்’ என்று பெயர் சொல்கிறார்கள்.

ஒருவர்மீது எதிர்பாராமல் தோன்றி, பெரும்பாலும் அவருக்குத் தெரிவிக்கப்படாமலே சில வாரமோ சில மாதமோ இருந்து, பிறகு தானாகவே தணிந்துவிடக்கூடிய விருப்பமே கிரஷ் எனப்படுகிறது. விருப்பத்தை மட்டுமல்லாமல், விரும்பப்படும் ஆளையும் அதே சொல் குறிக்கும்; ‘அவள்மேல் எனக்கு ஒரு கிரஷ்’ என்றும் சொல்லலாம், ‘அவள்தான் என் கிரஷ்’ என்றும் சொல்லலாம். சிலர் ‘க்ரஷ்’ என்று எழுதுகிறார்கள். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்பதால் ‘கிரஷ்’ என்று எழுதுவதே முறை.

கிரஷ் என்ற ஆங்கில வினைச்சொல் பழைய பிரெஞ்சிலிருந்து இடைக்கால ஆங்கிலத்துக்கு வந்தது. பல்லைக் கடித்தல், நொறுக்குதல், உடைத்தல் என்பவை அதன் மூலப்பொருள்கள். நம் ஊர்களில் ஜல்லி உடைக்கும் ஆலையைக் கிரஷர் என்று சொல்கிறோமே, அதுவும் இதே வேரிலிருந்து வந்த சொல்தான். கல்லை நொறுக்கும் சொல் மனத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்கப் பேச்சுவழக்கில். 1884ஆம் ஆண்டில் அமெரிக்க இளம்பெண் ஒருவர் எழுதிய நாட்குறிப்பில், தோழி ஒருத்தி, அவளுடைய கிரஷ் போய்விட்டதால் அழுகிறாள் என்ற குறிப்பு இருக்கிறது. இந்தப் பொருளுக்கு ஆங்கில அகராதிகள் காட்டும் மிகப் பழைய சான்று அதுவே. அதற்கும் முன்னால், 1870களில், அமெரிக்க மகளிர் கல்லூரிகளில் ஒரு மாணவி இன்னொரு மாணவியிடம் மனத்தைப் பறிகொடுத்து, பூங்கொத்தும் வண்ணத்தாளில் எழுதிய சிறு கடிதமும் மிட்டாயும் அனுப்பும் வழக்கம் இருந்தது. அதை ‘ஸ்மாஷ்’ என்றார்கள். அதுவும் உடைத்தலைக் குறிக்கும் சொல்லே. அக்காலத்தில் மயக்குதல் என்ற பொருளில் வழங்கிய ‘மாஷ்’ என்ற சொல்லுக்கோ பிசைதல், மசித்தல் என்ற பொருளும் உண்டு. அதன் திரிந்த வடிவமாகவே கிரஷ் தோன்றியிருக்கலாம் என்று வழக்குச்சொல் ஆய்வாளர் எரிக் பார்ட்ரிட்ஜ் கருதினார். ஆகவே இந்தச் சொல் பிறந்த காலத்திலேயே ஆண் பெண் ஈர்ப்பை மட்டும் குறிக்கவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மூத்த வகுப்பு அக்காவின் நடையையும் கையெழுத்தையும் பார்த்து வியந்து, அவளைப் போலவே தலைவாரிக்கொள்கிற சிறுமியின் வியப்பும் அதற்குள் அடக்கம்.

தமிழில் இதற்கு ஈடாக வார இதழ்களும் திரைப்பட உரையாடல்களும் பரப்பிய சொல் ‘இனக்கவர்ச்சி’. ‘இது காதல் இல்லை, வெறும் இனக்கவர்ச்சி’ என்ற தொடரைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை அரிது. அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. அது உணர்வை உடலின் வேலையாக மட்டும் சுருக்குகிறது. மேலே சொன்ன சிறுமியின் வியப்புக்கு அதில் இடமே இல்லை. போதாக்குறைக்குக் கவர்ச்சி என்ற நல்ல சொல், திரைத்துறை அதைப் பயன்படுத்திய விதத்தால், பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முன்னால் சொல்லக் கூசும் சொல்லாகிவிட்டது. ‘வெறும்’ என்ற அடைமொழியோடுதான் அது எப்போதும் வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

‘மையல்’ அழகான சொல். ஆனால் அளவில் பெரியது. காம மயக்கம், பித்து, யானையின் மதம் ஆகிய பொருள்கள் அதற்கு உண்டு. ‘மையல் ஒருவன் களித்தற்றால்’ என்ற குறளில் மையல் கொண்டவன் என்றால் பித்தன். ஆங்கிலத்தில் ஆளையே மூடனாக்கிவிடும் மோகத்துக்கு இன்ஃபாச்சுவேஷன் என்று ஒரு தனிச்சொல் உண்டு. மூடன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. மையலை அதற்கு இணையாக வைத்துக்கொள்வதே பொருந்தும். ‘காதல்’ என்பதோ இன்று இன்னும் பெரிய சொல். பழந்தமிழில் காதலன் என்ற சொல் கணவனை மட்டுமல்லாமல் தோழனையும் மகனையும்கூடக் குறித்தது. அந்த அகலம் போய், திருமணத்தில் முடிய வேண்டிய, வீட்டார் எதிர்க்கக்கூடிய உறவு என்ற ஒரே பொருளுக்குள் அது ஒடுங்கிய பிறகு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் மனத்தில் எழுவதற்கு அதைப் பெயராக வைப்பது, சிறுவனுக்கு அப்பாவின் சட்டையைப் போட்டுவிடுவது போல.

இலக்கணத்துக்குள் போனால் ‘கைக்கிளை’ நிற்கிறது. கை என்பதற்குச் சிறுமை என்றும் கிளை என்பதற்கு உறவு என்றும் பொருள்கொண்டு, சிறிய உறவு என்று இதை விளக்குவர். ஒருதலைக் காமம் என்பது இதன் வழக்கமான உரை. ஏழிசையில் மூன்றாவதற்கும் கைக்கிளை என்றே பெயர். தொல்காப்பியம் ஏழு திணைகளைக் கைக்கிளையில் தொடங்கிப் பெருந்திணையில் முடிக்கிறது. நடுவில் உள்ள ஐந்துக்குக் கிடைத்த பெருமை இரு ஓரங்களுக்கும் கிடைக்கவில்லை என்றாலும், அகத்துக்குள் அவற்றுக்கு இடம் தந்திருக்கிறது. அங்கே கைக்கிளைக்குச் சொல்லப்படும் குறிப்புகளில் ஒன்று ‘சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்’, அதாவது மறுமொழி கிடைக்காமலே தானே சொல்லித் தானே மகிழ்வது. கிரஷ் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான வரையறையை நான் எந்த மொழியிலும் பார்த்ததில்லை. பின்னால் வந்த நம்பியகப்பொருள் என்னும் அக இலக்கண நூல் கைக்கிளையைக் காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிதல் என்று நான்காகப் பகுக்கிறது. முதலில் கண்ணில் படுவது. இப்படியும் ஒருத்தி உண்டா என்று ஐயுறுவது. உண்டு என்று தெளிவது. அவள் பார்வை தன்மேல் பட்டதா, பட்டது தற்செயலா என்று குறிப்புத் தேடுவது. காலை வழிபாட்டு வரிசையில் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்புகிற பையன் இன்றைக்கும் இந்த நான்காம் படியில்தான் நிற்கிறான்.

கைக்கிளை ஆணுக்கு மட்டும் உரியதன்று என்பதற்குப் புறநானூற்றில் நக்கண்ணையாரின் மூன்று பாட்டுகள், 83 முதல் 85 வரை, சான்றாக இருக்கின்றன. மற்போரில் வல்ல சோழன் போரவைக்கோப்பெருநற்கிள்ளியை விரும்பிய பெண்ணின் குரல் அவற்றில் கேட்கிறது. ஒரு பாட்டில், வளை கழன்றால் தாய் அறிந்துவிடுவாளே என்று அஞ்சுகிறாள். அவன் தோளைத் தழுவலாம் என்றால் அவையில் இருப்போர் பார்ப்பார்களே என்று நாணுகிறாள். இன்னொன்றில், அவனுக்கே வெற்றி என்று ஊரில் ஒரு சாரார் சொல்ல, இல்லை என்று மற்றொரு சாரார் சொல்ல, இவள் காற்சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், ‘முழாஅரைப் போந்தை பொருந்தி நின்று’, முழவு போன்ற அடிமரத்தை உடைய தன் வீட்டுப் பனையில் சாய்ந்து நின்று, அவன் வெல்வதைத் தன் கண்ணால் பார்க்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. அவனிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாடிப் படிக்கட்டின் தூணில் சாய்ந்துகொண்டு மைதானத்தில் கபடி பார்க்கும் பெண்பிள்ளையைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தப் பனைமரம் நினைவுக்கு வரும்.

இருந்தும் கைக்கிளையைப் பள்ளிப் பிள்ளையின் அன்றாடச் சொல்லாகக் கொண்டுவர முடியாது. வழக்கொழிந்தது என்பது மட்டும் காரணமன்று. ‘காமஞ் சாலா இளமையோள்’ என்று, பருவம் நிரம்பாதவளை நோக்கி ஓர் ஆடவன் பேசுவதாகவே தொல்காப்பியம் அதை வகுக்கிறது. இன்று 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் பெரியவர் ஒருவர் நெருங்குவது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றமாக முடியும். சமவயதுப் பிள்ளைகள் இருவருக்கிடையே எழும் மென்மையான உணர்வையும் அதையும் ஒரே சொல்லால் குறிப்பது தகாது.

இந்த உணர்வு நட்பின் துணையோடுதான் வாழ்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நள்ளுதல் என்றால் நெருங்குதல், கலத்தல்; அதிலிருந்தே நட்பும் நண்பும் பிறந்தன. அகப்பாட்டில் தலைவியின் மனத்தைத் தலைவனுக்கு முன்னால் அறிபவள் தோழி. ஒன்பதாம் வகுப்பிலும் அப்படியே: யாரைப் பிடித்திருக்கிறதோ அவருக்குத் தெரியாது, பக்கத்து இருக்கைத் தோழிக்குத் தெரியும். புதுப் பள்ளிக்கு வந்த முதல் மாதத்தில் இரண்டு பிள்ளைகள் உயிர்த்தோழிகள் ஆவது பெரும்பாலும் இப்படி ஓர் இரகசியத்தைச் சொல்லியும் கேட்டும்தான். ‘உன் ஆளு வர்றான்’ என்று முழங்கையால் இடிப்பதில் இருக்கும் மகிழ்ச்சி, வருகிறவனை விட இடிப்பவளோடு அதிகம் தொடர்புடையது. அந்த இரகசியத்தைத் தோழி வெளியே சொல்லிவிட்டால் உடைவது விருப்பமன்று, நட்பே. அதற்காகச் சிந்தும் கண்ணீர்தான் நீண்ட நாள் நிற்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஏட்டில் இப்படி ஒரு கடைசிப் பக்கம் அகப்பட்டது. ஆசிரியர் அறையில் அது ‘காதல் விவகாரம்’ என்று பெயர் பெற்றது. பெற்றோர் வரவழைக்கப்பட்டார்கள். ஏட்டில் பெயர் இருந்த பையனுக்கு எதுவுமே தெரியாது. அவள் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. அந்த அறையில் நானும் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது. திரும்பி வந்த பிறகு, நூலகத்தில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே அவள் சொன்னாள்: “லவ்வெல்லாம் இல்ல டீச்சர். எனக்கு அவனப் பிடிக்கும், அவ்வளவுதான்.”

நான் அகராதிகளில் தேடிய சொல்லை அவள் வைத்திருந்தாள். ‘எனக்கு அவனைப் பிடிக்கும்’ என்ற தொடரில் எழுவாய் இல்லை. எனக்கு என்பது நான்காம் வேற்றுமை, அவனை என்பது இரண்டாம் வேற்றுமை. எனக்குப் பசிக்கிறது, எனக்கு வியர்க்கிறது என்பவற்றைப் போல, நான் செய்யாத, எனக்கு நேர்கிற ஒன்றாகத் தமிழ் இதைச் சொல்கிறது. பசித்ததற்காக யாரும் பிள்ளையைத் தண்டிப்பதில்லை. இந்த வினையிலிருந்து வரும் பெயர் ‘பிடித்தம்’. சம்பளப் பிடித்தம் என்ற அலுவலகப் பொருள் அதற்கு இருந்தாலும், விருப்பம் என்ற பொருளும் அகராதியில் உண்டு. பிடித்தமான பாட்டு, பிடித்தமான நிறம் என்று நாள்தோறும் சொல்கிறோம். கட்டுரையிலும் பாடநூலிலும் கிரஷ் என்பதை ஈர்ப்பு என்று எழுதுவதும் பிழையன்று. ஈர்த்தல் என்றால் இழுத்தல், அதுவும் நல்ல தமிழே. ஆனால் வீட்டிலும் வகுப்பிலும் பிள்ளையோடு பேசும்போது கிரஷ் என்பதற்கு நேரான தமிழ் பிடித்தம் என்பதே என் முடிவு. ‘அவள்மேல் எனக்கு ஒரு பிடித்தம்’ என்றால் உணர்வு. ‘எனக்குப் பிடித்தவள்’ என்றால் ஆள்.

வினையாக வைத்துக்கொள்வதில் இன்னொரு வசதியும் உண்டு. ‘பிடித்துப்போயிற்று’ என்றால் எண்ணாமல் நேர்ந்தது என்பது அந்தத் துணைவினையிலேயே வந்துவிடுகிறது. ‘பிடித்திருந்தது’ என்றால் முடிந்துவிட்டது என்பது காலத்திலேயே வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு நெருங்கிய நாளொன்றில் அதே மாணவியிடம் அந்தப் பையனைப் பற்றிக் கேட்டேன். “அப்ப பிடிச்சிருந்துச்சு டீச்சர்” என்று சொல்லிவிட்டு, அணி இலக்கணத்தில் ஓர் ஐயம் கேட்டாள்.