“எனக்குத் தியானம் வராது, டாக்டர்”

இருபது ஆண்டுகளுக்கு மேலாக மனநல மருத்துவம் பார்த்துவரும் எனக்கு, தியானத்தைப் பற்றி நோயாளிகள் சொல்லிக் கேட்டவற்றில் மிக அதிகமாகக் காதில் விழுந்தது இந்த ஒரு வாக்கியம்தான். “எனக்கு நீச்சல் வராது” என்று சொல்பவரின் தொனி இதில் இருப்பதில்லை. நீச்சலைக் கற்றுக்கொள்ளவில்லை என்றுதான் அவர் சொல்கிறார். தியானம் வராது என்பவரோ தனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்பதுபோலச் சொல்கிறார்.

அண்மையில் அப்படிச் சொன்னவர் ஐம்பதை நெருங்கும் ஒரு வங்கி ஊழியர். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்; இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் மறுபடி தூக்கம் பிடிக்காதவர். காணொளிகளைப் பார்த்து மூன்று மாதம் முயன்றுவிட்டுக் கைவிட்டிருந்தார். “கண்ணை மூடுனா போதும் சார், அன்னிக்குப் பார்த்த லோன் பைல் எல்லாம் வரிசையா வந்து நிக்குது. மனசு ஒரு நிமிஷம்கூடக் காலியாக மாட்டேங்குது” என்றார்.

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே, செருப்பைக் கழற்றிப் பாதங்களைத் தரையில் பதித்து உட்காரச் சொன்னேன். மூச்சை மாற்ற வேண்டாம், வெளியே போகும் மூச்சை மட்டும் மனத்துக்குள் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ண வேண்டும், பத்து முடிந்தால் மறுபடி ஒன்று. நடுவில் எண்ணம் வேறெங்கோ போய்விட்டது என்று எப்போது தெரிகிறதோ, அப்போது ஆள்காட்டி விரலை ஒரு முறை உயர்த்திவிட்டு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. தலைக்கு மேல் மின்விசிறி கடகடத்தது, வெளியே டோக்கன் எண்ணைக் கூப்பிடும் குரல் கேட்டது, யாருடைய கைப்பேசியிலோ ஒரு பக்திப் பாடல் ஓடியது. ஐந்து நிமிடத்தில் அவருடைய விரல் பதினொரு முறை உயர்ந்தது. கண்ணைத் திறந்ததும், தேர்வில் பதினொரு மதிப்பெண் வாங்கிய மாணவனைப் போல, “பாத்தீங்களா, பதினோரு தடவை” என்றார். அவர் தோல்வியாக எண்ணி வைத்திருந்த அந்தப் பதினொன்றும்தான் அவர் செய்த தியானம்.

இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தியானப் பழக்கம் உள்ள 14 பேரை மூளைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்க வைத்து மூச்சைக் கவனிக்கச் சொல்லி, மனம் அலைந்தது தெரிந்த கணத்தில் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்ன ஆய்வு 2012இல் வெளியானது. பொத்தான் அழுத்தப்பட்ட நேரத்தை வைத்து அதற்கு முன்னும் பின்னும் மூளையில் நடந்ததைப் பிரித்துப் பார்த்தபோது, அலைதல், அலைந்ததை உணர்தல், கவனத்தை விடுவித்துத் திருப்புதல், மறுபடி நிலைத்தல் என்னும் நான்கு கட்டங்களிலும் மூளையின் வெவ்வேறு பகுதிகள் முன்னுக்கு வருவதைக் கண்டார்கள். மனம் அலையவே இல்லையென்றால் இந்தச் சுற்றின் இரண்டாம், மூன்றாம் கட்டங்களுக்கு வேலையே இல்லை. எடை தூக்குபவருக்கு எடை எப்படியோ, கவனத்தைப் பழக்குபவருக்கு அலைதல் அப்படி.

அலைவது நம் ஒருவருடைய குறைபாடும் இல்லை. 2010இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு உளவியலாளர்கள், 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக அவ்வப்போது குறுக்கிட்டு, “இப்போது செய்யும் வேலையில்தான் மனம் இருக்கிறதா?” என்று கேட்டுப் பார்த்தபோது, கிட்டத்தட்ட 47 விழுக்காட்டு நேரம் மனம் வேறெங்கோ இருந்தது தெரியவந்தது. வேலையின்றி நாம் சும்மா இருக்கும்போதுதான் மூளையின் சில பகுதிகள் சேர்ந்து சுறுசுறுப்பாகின்றன என்பதை 2001இல் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் மார்க்கஸ் ரெய்க்லியும் அவருடைய குழுவினரும் விளக்கியிருந்தார்கள். நேற்றைய சண்டையும் நாளைய தவணையும் ஓடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அங்கேதான். மனத்தைக் காலி செய்வது தியானத்தின் வேலை என்று யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. அந்த ஒரு வாக்கியத்தால் தியானத்தைக் கைவிட்டவர்களை நான் கணக்கின்றிப் பார்த்திருக்கிறேன்.

இத்துடன் இன்னொன்றைப் பலரும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மூச்சைக் கவனிப்பது வேறு, மூச்சை மெதுவாக்குவது வேறு. இரண்டாவது நேரே உடல் வழியாக வேலை செய்வது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகிறது, விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் பிடி கூடித் துடிப்பு தணிகிறது; ஆகவே விடும் மூச்சு நீளமாக இருந்தால் உடல் தானாகவே கொஞ்சம் தளர்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்னும் வேகத்தில் இந்த ஏற்ற இறக்கம் மிகத் தெளிவாகத் தெரியும். இத்தாலியில் மருத்துவ ஆய்வாளர் லூச்சியானோ பெர்னார்டி 23 பேரிடம் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லும்போதும், ‘ஓம் மணி பத்மே’ மந்திரத்தை உச்சரிக்கும்போதும், மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. நம் வீட்டுப் பாட்டிகள் விளக்கேற்றிவிட்டு முணுமுணுக்கும் தோத்திரத்தையும் ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. உடனடிப் படபடப்பைத் தணிக்க நான்கு நொடி இழுத்து ஆறு நொடி விடுவது போதும். ஆனால் அதைச் செய்துவிட்டுத் தியானம் செய்துவிட்டதாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

தியானத்தை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜான் கபாட்-ஜின். மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நாள்பட்ட வலியோடும் நோயோடும் வந்தவர்களுக்காக, பின்னாளில் எட்டு வாரப் பயிற்சியாக நிலைபெற்ற ஒரு திட்டத்தைத் தொடங்கினார். மதச் சடங்கு எதுவும் இல்லாமல், வாரம் ஒரு வகுப்பும் வீட்டில் நாள்தோறும் முக்கால் மணி நேரமும் என்று அவர் அளவு வைத்ததால்தான், ஒரு மருந்தைச் சோதிப்பதுபோல இதையும் சோதிக்க முடிந்தது.

அந்தச் சோதனைகள் சொல்வது நடுத்தரமான நல்ல செய்தி. 47 ஆய்வுகளையும் அவற்றில் பங்கெடுத்த 3,515 பேரையும் சேர்த்துப் பார்த்து 2014இல் வந்த ஆய்வுத் தொகுப்பு, பதற்றமும் மனச்சோர்வும் வலியும் ஓரளவு குறைகின்றன என்றது. உடற்பயிற்சியையோ மருந்தையோ விடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்றில்லை என்பதையும் அதே தொகுப்பு சொன்னது. 2000இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்து குணமானவர்களில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுள் 66 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. கவனப் பயிற்சியும் சேர்ந்த சிகிச்சை பெற்றவர்களில் அது 37 விழுக்காடாக இருந்தது. இரண்டு முறை மட்டும் நோய் வந்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் என்று விற்கப்படும் எதையும் இப்படி யாருக்கு, எதற்கு என்று பிரித்துக் கேட்டுப் பழகுவது நல்லது.

பதற்ற நோய் உள்ள 276 பேரில் ஒரு பாதியினருக்குப் பதற்றத்துக்கு வழக்கமாகத் தரப்படும் எஸ்சிடலோபிராம் மாத்திரையும் மறுபாதியினருக்கு எட்டு வாரப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்ததில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் தந்ததாக 2022இல் முடிவு வந்தது. அந்தச் செய்தியை வெட்டி ஒட்டிய ஒரு வாட்ஸ்அப் தகவலைக் காட்டி, “அப்ப மாத்திரையை நிறுத்திடலாமா?” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஆய்வில் இருந்தவர்களுக்கு வாரம் இரண்டரை மணி நேர வகுப்பும், வீட்டில் தினம் முக்கால் மணி நேரப் பயிற்சியும், மருத்துவக் கண்காணிப்பும் இருந்தன; செயலியில் ஐந்து நிமிடம் மழைச் சத்தம் கேட்பது அந்த மருந்தளவு ஆகாது. எட்டு வாரத்தில் மூளையின் அமைப்பே மாறுகிறது என்று 2011 முதல் பரவிய பேச்சும் அப்படித்தான். 200க்கும் மேற்பட்டவர்களை வைத்துக் கவனமாகத் திரும்பச் செய்து 2022இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி ஒரு மாற்றம் தென்படவில்லை.

இனி, பலர் சொல்லாமல் விடுவது. பலன் தரும் எதற்கும் பக்கவிளைவு இருக்கக்கூடும். அளவுமீறிய எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுவந்த ஓர் இளைஞர், பேசாமல் பல நாள் அமர வேண்டிய ஒரு முகாமுக்கு யாரிடமும் கேட்காமல் போனார். போகும்போது மாத்திரையையும் நிறுத்திவிட்டார். தூக்கம் குறைந்தது, மனம் பறக்கத் தொடங்கியது. அதை ஞானத்தின் அறிகுறி என்று அங்கு உடனிருந்தவர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வீட்டார் அழைத்துவந்தபோது அவர் ஐந்து நாளாகத் தூங்கியிருக்கவில்லை. அவரைத் தேற்றி எடுக்க ஏழு வாரம் ஆயிற்று. இருதுருவ நோயோ மனச்சிதைவு நோயோ உள்ளவர்கள், தற்கொலை எண்ணம் இருப்பவர்கள், பெரிய அதிர்ச்சிக்கு உள்ளானவர்கள் நீண்ட மௌன முகாம்களுக்குப் போகும் முன் தங்கள் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

திடீர்ப் பதற்றத் தாக்குதல் வருகிறவர்களில் சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே மூச்சு முட்டுவதுபோல ஆகிவிடும். அவர்களிடம் நான் மூச்சை விட்டுவிடச் சொல்வேன்: கண்கள் பாதி திறந்திருக்கட்டும், பாதம் தரையைத் தொடும் இடத்தையோ தெருவிலிருந்து வரும் ஒலிகளையோ கவனித்தால் போதும். கவனத்துக்கு ஒரு பிடிமானம் வேண்டும். அது மூச்சாகத்தான் இருக்க வேண்டும் என்று விதியில்லை.

வங்கி ஊழியருக்கு நான் கொடுத்த ஏற்பாடு மிக எளிமையானது. காலைக் காப்பி குடித்து டம்ளரைக் கழுவி வைத்ததும் அதே இடத்தில் பத்து நிமிடம். முதல் இரண்டு வாரம் தியானமே வேண்டாம், இரவு எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது, மீண்டும் தூங்க எவ்வளவு நேரமானது என்பதை மட்டும் ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வரட்டும். பிறகு எட்டு வாரம் பயிற்சியோடு அதே குறிப்பு. தொடங்கும் முன் நிலைமை எப்படி இருந்தது என்று எழுதி வைக்காவிட்டால், பின்னால் ஆசை எதைச் சொல்கிறதோ அதைத்தான் நம்புவோம். மாத்திரை தொடர வேண்டும். ரத்த அழுத்தத்தை வழக்கம்போல அவருடைய மருத்துவர் பார்ப்பார்.

எட்டு வாரப் பயிற்சி முடிந்ததும் நோட்டோடு வந்தார். விழிப்பு இன்னும் வருகிறது. ஆனால் ஒன்றரை மணி நேரம் புரண்டது பெரும்பாலும் அரை மணிக்குள் அடங்கியிருந்தது. எட்டில் ஒரு வாரம் முழுக்க வெறுமையாக விட்டிருந்தார், மகளின் நிச்சயதார்த்தம். ரத்த அழுத்த மாத்திரை அதே அளவில்தான் தொடர்கிறது. மறுபடியும் அதே நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார வைத்தேன். விரல் இந்த முறை பதினேழு தடவை உயர்ந்தது. கண்ணைத் திறந்தவர் சற்று யோசித்துவிட்டு, “முன்னெல்லாம் லோன் பைலைப் பாதி படிச்சு முடிச்சப்புறம்தான் தெரியும் சார். இப்ப அட்டையைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோயிடுது” என்றார்.