கிளாக்டனில் உடைந்த கண்ணாடிகள்

1964 ஈஸ்டர் விடுமுறை. இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள கிளாக்டனுக்கு லண்டன் பக்கத்து இளைஞர்கள் வழக்கம்போல் வந்திருந்தார்கள். கடுங்குளிர், மழை வேறு. பல கடைகள் திறக்கவில்லை. பொழுது போகாத கூட்டத்தில் தள்ளுமுள்ளு, கல்லெறி. சில கண்ணாடிகள் உடைந்தன. மறுநாள் பத்திரிகைகளைப் படித்தவர்கள் ஊரே சூறையாடப்பட்டதாக நினைத்திருப்பார்கள். 97 பேர் கைது என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. சேதம் என்னவோ சுமார் 500 பவுண்டுதான்.

அந்தக் கூட்டத்தில் ஸ்கூட்டரும் நறுவிசான சூட்டுமாகத் திரிந்தவர்கள் மாட்கள். தோல் ஜாக்கெட்டும் மோட்டார் சைக்கிளுமாக வந்தவர்கள் ராக்கர்கள். இரண்டும் பரம்பரைப் பகைக் கும்பல்கள் என்றே செய்திகள் எழுதின. சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹென் ஆராய்ந்து பார்த்தபோது, தொடக்கத்தில் அந்தப் பிரிவே அவ்வளவு கறாராக இருக்கவில்லை. உள்ளூர்ப் பையன்களுக்கும் லண்டன் பையன்களுக்கும் இருந்த உரசல்தான் பெரிது.

அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். 'அடுத்த விடுமுறையிலும் வருவார்கள்' என்று பத்திரிகைகள் முன்கூட்டியே எழுதின. வேடிக்கை பார்க்க ஆட்கள் திரண்டார்கள். போலீஸ் கூடுதலாக வந்தது, ஸ்கூட்டரில் வந்தவனையெல்லாம் நிறுத்தி விசாரித்தது. நீதிபதிகள் தண்டனையைக் கூட்டினார்கள். சும்மா வந்த பையனும் ஏதாவது ஒரு பக்கம் சேர வேண்டியதாயிற்று. மார்கேட் என்ற இன்னொரு கடற்கரை ஊரில் 75 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்ட ஒரு 17 வயதுப் பையன், 'செக்கில் தருகிறேன்' என்றான். பணத்திமிர் என்று நாடே கொதித்தது. அவனுக்கு வங்கிக் கணக்கே கிடையாது, வெறும் வீறாப்பு.

இப்படிப் பயமும் கண்டிப்பும் சேர்ந்து, தாம் பயந்த பொருளையே ஊதிப் பெருக்குவதை கோஹென் 1972இல் 'ஒழுக்கப் பீதி' என்ற கருத்தின் வழியே விளக்கினார். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டு ஆய்வாளர்கள் வேறு கோணம் பிடித்தார்கள்: உடையும் தலைமுடியும், உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகள் தங்கள் நிலைமைக்குச் சொன்ன பதில் என்றார்கள். அழகான வாசிப்பு; ஆனால் ஒவ்வொரு பொத்தானிலும் புரட்சியைத் தேடும் ஆபத்தும் அதில் உண்டு. இந்த ஆய்வுகளில் பெண்பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று பண்பாட்டு ஆய்வாளர் ஏஞ்சலா மெக்ராபி கேட்டதும் சரியான கேள்வி.

போராட்டக் கூட்டங்களிலும் இதே சுழற்சி ஓடுகிறது. எல்லாரையும் ஒரே கலகக்காரராக நடத்தினால், அதுவரை தனித்தனியாக நின்றவர்கள் ஒன்றாகிவிடுகிறார்கள் என்று ஸ்டீபன் ரைக்கர், கிளிஃபர்ட் ஸ்டாட் போன்ற உளவியலாளர்கள் காட்டினார்கள். 2004 யூரோ கால்பந்துப் போட்டியின்போது போர்ச்சுகலின் பெருநகரங்களில் இந்த ஆய்வின் அடிப்படையில் போலீஸார் சாதாரணச் சீருடையில் ரசிகர்களோடு பேசிக்கொண்டு நின்றார்கள். அங்கே பெரிய தகராறு இல்லை. அந்த முறையைப் பின்பற்றாத வேறொரு காவல் படையின் பொறுப்பில் இருந்த அல்புஃபெய்ராவில், அதே இங்கிலாந்து ரசிகர்கள் பங்கேற்ற கலவரம் இரண்டு முறை வெடித்தது.